நடுக்குவாதமும் நேரம் தவறா மருந்தும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், மார்க்கெட் வீதி அஞ்சடியில் நாற்பது ஆண்டுகளாகப் பூக்கட்டி வாழும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நாரை விரலில் சுற்றி, இரண்டிரண்டு மொட்டாக வைத்து, கண்ணால் பாராமலே முழக்கணக்கில் மல்லிகைச் சரம் தொடுத்த கை அவருடையது. ஒரு நாள், வேலையின்றி மடிமேல் கிடக்கும்போது, அந்தக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே ஒன்றோடொன்று உரசத் தொடங்குகின்றன. குளிகை உருட்டுவது போன்ற அசைவு அது. பூவை எடுத்ததும் நடுக்கம் நிற்கிறது; கை ஓய்ந்ததும் மீண்டும் வருகிறது. சில மாதங்களில் முடிச்சுப் போடும் வேகம் குறைகிறது. சட்டைப் பொத்தானை மாட்ட நெடுநேரம் ஆகிறது. கணக்குப் புத்தகத்தில் எழுத்து வரவரச் சிறுத்துப் போகிறது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டிக் கிடக்கிறது. “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர்.

இது முதுமை அன்று, நோய். தமிழில் நடுக்குவாதம் என்றும், மேனாட்டு மருத்துவத்தில் பார்க்கின்சன் நோய் என்றும் இது வழங்கப்படுகிறது. இதனை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆனால் இதன் துன்பங்களைப் பல்லாண்டுகள் அடக்கி வைக்கும் மருந்து உண்டு. அம்மருந்தின் பலன் அதன் பெயரிலோ விலையிலோ மட்டும் அடங்கியதன்று. அதை உண்ணும் நேரத்திலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நேரத்தை மாற்றியமைக்கும் முறையிலும் அடங்கியுள்ளது. இதனை அறியாத வீட்டில் நல்ல மருந்தும் பாதிப் பயனே தரும். சில வேளை ஆபத்தும் விளையும்.

நோயின் இயல்பு

லண்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளின் நிலையை விவரித்தார். அவர்களுள் சிலர் தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள். அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. காரணம் அவருக்குத் தெரியவில்லை. அது தெரிய மேலும் நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மூளையின் அடிப்பகுதியில் கருநிறம் கொண்ட சிறு உயிரணுக் கூட்டம் ஒன்று உள்ளது. டோபமின் என்னும் இரசாயனப் பொருளை அது சுரக்கிறது. உடல் அசைவுகள் தடையின்றி, அளவோடு, ஒழுங்காக நிகழ இப்பொருள் தேவை. நடுக்குவாத நோயில் இவ்வுயிரணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. கை நடுங்கத் தொடங்கும் நாளிலேயே அவற்றுள் ஏறக்குறையப் பாதி அழிந்திருக்கும். மணம் அறியும் ஆற்றல் குறைதல், மலச்சிக்கல், உறக்கத்தில் கைகால் உதறிக் கூவுதல் ஆகியவை நடுக்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றுவதும் உண்டு. எல்லா நோயாளிகளுக்கும் நடுக்கம் இருக்கும் என்பதுமில்லை. அசைவு மந்தமாவதே இந்நோயின் தலையாய அடையாளம்.

இந்நோய் ஓர் இனத்தாரை மட்டும் பற்றுவதன்று. அண்டை நாடாகிய சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் ஆயிரத்தில் மூவர் அளவுக்கு இந்நோய் காணப்பட்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

சென்னையில் கிடைத்த பொருள்

நடுக்குவாத மருந்தின் வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு. பூனைக்காலி என்னும் கொடியைக் கிராமத்தார் நன்கு அறிவர். அதன் காய்மேல் உள்ள சுணை உடலில் பட்டால் பொறுக்க முடியாத அரிப்பு உண்டாகும். அதன் விதை நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் இவ்விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதனை ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். இன்று லெவோடோபா என்று உலகெங்கும் வழங்கும் மருந்துப்பொருள் அதுவே. அதற்கு முன் 1913-இல் சுவிட்சர்லாந்தில் குகன்ஹைம் என்ற இரசாயனர் ஒருவகை அவரையிலிருந்து இதையே எடுத்திருந்தார். அவர் அதில் இரண்டரைக் கிராம் உண்டு பார்த்தார். கடும் வாந்தி எடுத்தார். அதனால் இதில் மருந்துக்குணம் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே கருதப்பட்டது. சென்னையில் பிரித்தெடுத்த காலத்திலும் இதற்கும் நடுக்குவாதத்திற்கும் உள்ள தொடர்பை உலகில் எவரும் அறியார்.

அத்தொடர்பை வெளிப்படுத்த மற்றோர் இந்திய மூலிகை துணை செய்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் ரெசர்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டு, இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்பட்டது. அதை உண்ட சிலருக்கு நடுக்குவாதத்தை ஒத்த விறைப்பு உண்டாயிற்று. சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுச் சோர்ந்தன. பின்னர் லெவோடோபா செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை மீண்டும் எழுந்து ஓடலாயின. இது 1957-இல் நடந்தது. இத்துறைப் பணிக்காக 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் வியன்னா நகரில் ஹோர்னிகிவிச் என்பவரும் அவர் துணைவரும் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையை ஆராய்ந்து, அங்கே டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டே, படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளிகளுக்கு ஊசி வழியாக லெவோடோபா செலுத்தப்பட்டது. அவர்களுள் சிலர் எழுந்து நடந்தனர். சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினர்.

டோபமினையே ஏன் கொடுக்கலாகாது என்று கேட்கலாம். இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பை டோபமின் கடந்து செல்லாது, லெவோடோபா கடக்கும். உள்ளே சென்றபின் அது டோபமினாக மாறும். ஆனால் வாயால் உண்ணும் லெவோடோபாவின் பெரும்பகுதி வழியிலேயே டோபமினாக மாறி வீணாகிவிடும், வாந்தியையும் விளைவிக்கும். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்தி, வாந்தித் தொல்லையை ஓரளவு வென்றார். பின்னர் கார்பிடோபா, பென்செரசைடு என்னும் துணைப்பொருள்கள் வந்தன. அவை வழியில் நேரும் வீண் மாற்றத்தைத் தடுப்பதால், தேவைப்படும் லெவோடோபாவின் அளவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இன்று நோயாளிகள் உண்ணும் மாத்திரை இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு மருந்தே.

தொட்டியும் குழாயும்

மருந்து தொடங்கிய முதல் சில ஆண்டுகள் நோயாளிக்கு நல்ல காலம். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை மாத்திரை. நாள் முழுதும் சீரான அசைவு. பூக்கட்டும் விரல்கள் மீண்டும் பழைய தொழிலுக்குத் திரும்புகின்றன. ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தபின் அதே மாத்திரை அவ்வளவு நேரம் நிற்பதில்லை. மருந்து கெட்டுவிட்டதா? உடல் அதற்குப் பழகிவிட்டதா? இரண்டும் அல்ல.

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். நகரக் குழாயில் மூன்று வேளை மட்டும் தண்ணீர் வந்தாலும், தொட்டி பெரிதாக இருந்தால் வீட்டில் நாள் முழுதும் தண்ணீர் இருக்கும். தொட்டி வரவரச் சிறுத்துப் போனால், குழாய் வரும்போது மட்டும் தண்ணீர், நின்றதும் வறட்சி. எஞ்சியுள்ள மூளை உயிரணுக்களே அந்தத் தொட்டி. லெவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே ஆகிறது. தொடக்கத்தில் உயிரணுக்கள் அதைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக வெளியிடுகின்றன. நோய் முற்ற முற்ற அவ்வாற்றல் குன்றுகிறது. அப்போது அடுத்த வேளைக்கு முன்னரே உடல் விறைக்கிறது. கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. சிலருக்கு வியர்வையும் அச்சமும் மேலிடுகின்றன.

சிறிய தொட்டியில் வேகமாக நீர் பாய்ந்தால் வழிந்தோடும் அன்றோ? அதுபோல, மருந்து உச்சத்தில் இருக்கும்போது சிலருக்கு உடல் தானாக நெளியும், தலை ஆடும், கைகால்கள் கூத்தாடுவது போல் அசையும். நான்கு முதல் ஆறு ஆண்டுகள் லெவோடோபா உண்டவர்களுள், நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் இத்தகைய ஏற்ற இறக்கமோ மிகையசைவோ தோன்றுவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு ஒன்று கூறுகிறது.

இங்கேதான் வீட்டார் பெரும்பிழை செய்ய இடமுண்டு. மிகையசைவைக் கண்டு “நடுக்கம் கூடிவிட்டது” என்று எண்ணி மற்றுமொரு மாத்திரை கொடுத்துவிடுகின்றனர். நடுக்கம் மருந்து போதாமையால் வருவது. மிகையசைவு பெரும்பாலும் மருந்து மிகுதியால் வருவது. இரண்டுக்கும் பரிகாரம் நேர்மாறானது. மாத்திரை உண்ட நேரம், உடல் இளகிய நேரம், விறைத்த நேரம், தானே அசைந்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் மூன்று நாள் குறித்து வைத்தால் போதும். மருத்துவருக்கு அதைவிட உதவியான சான்று வேறில்லை. மொத்த அளவை உயர்த்தாமலே, மூன்று வேளையை ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்துப் பலரைச் சீராக்க இயல்கிறது.

தள்ளிப் போடுவது நன்றா?

“இம்மருந்து ஐந்தாண்டுகளே வேலை செய்யும்; ஆகவே இயன்றவரை தள்ளிப் போடுவோம்” என்று எண்ணி, நடக்க முடியாத நிலை வரும்வரை மருந்தைத் தொடாதவர் உண்டு. இவ்வச்சம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமும் இருந்ததே. இதனை ஆராய ஆப்பிரிக்காவின் கானா நாடு ஒரு வாய்ப்பைத் தந்தது. அங்கு நோயாளிகள் பலருக்கு மருந்து எட்டாததால், நோய் தொடங்கி நான்காண்டுகளுக்கு மேல் ஆன பின்னரே அவர்கள் லெவோடோபா உண்ணத் தொடங்கினர். இத்தாலி நாட்டினரோ இரண்டரை ஆண்டு அளவிலேயே தொடங்கியவர்கள். இருசாராரையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. ஏற்ற இறக்கமும் மிகையசைவும் இருசாராருக்கும் நோய் தொடங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய ஒரே கால அளவில்தான் தோன்றின. காத்திருந்ததால் கானா மக்கள் பெற்ற ஆதாயம் ஏதுமில்லை. மருந்தில்லாத ஆண்டுகளின் துன்பமே மிச்சம்.

2019-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. 445 நோயாளிகளுள் ஒரு பகுதியினர் உடனேயும், மற்றவர் நாற்பது வாரம் கழித்தும் லெவோடோபா தொடங்கினர். எண்பது வார முடிவில் இருசாராருக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே லெவோடோபா நோயின் போக்கை நிறுத்துவதும் இல்லை, விரைவுபடுத்துவதும் இல்லை என்பது தெளிவாகிறது. அன்றாட வாழ்வுக்கு இடையூறு தொடங்கியதும் மருந்தும் தொடங்கலாம். தேவைக்கு மிஞ்சிய அளவு மட்டும் கூடாது.

உணவும் விரதமும்

லெவோடோபா புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்களோடு உறவுடையது. குடலிலிருந்து இரத்தத்திற்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் அது செல்லும் வாயில்களும் அவற்றுக்குரியவையே. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, பால் ஆகியவற்றோடு மாத்திரையும் சேர்ந்தால் வாயிலில் நெருக்கடி உண்டாகிறது, மருந்து பின்தங்குகிறது. காலையில் ஒரு குவளைப் பால் தேநீரோடு மாத்திரை விழுங்கி, உடனே பருப்புக் குழம்பில் ரொட்டி சானாயைத் தோய்த்து உண்பவர், “இன்று மருந்து வேலை செய்யவில்லை” என்று வருந்துவது இதனால்தான். உணவுக்கு அரைமணி நேரம் முன்போ, ஒருமணி நேரம் பின்போ வெறும் தண்ணீரோடு மாத்திரை உண்பது நன்று. குமட்டல் உள்ளவர் ஓரிரு பிஸ்கோத்து உண்ணலாம். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பற்றிக்கொண்டு தடுக்கும். இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் வேண்டும். இதற்காகப் புரதத்தையே கைவிடலாகாது. ஏற்ற இறக்கம் மிகுந்தவர்கள் அதன் பெரும்பகுதியை இரவு உணவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தைப்பூசத்திற்கு விரதம் இருந்து தண்ணீர்மலை ஏறுவோரும், ரமலான் நோன்பு நோற்போரும் வாழும் ஊர் பினாங்கு. நோன்பு என்று பகல் முழுதும் மாத்திரையை நிறுத்துவது இந்நோயில் சிறு விஷயமன்று. சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கூறினால், அவரவர் நிலைக்கேற்ப நீடித்து நிற்கும் மாத்திரையோ, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையோ கொண்டு வழி செய்ய முடியுமா என்று பார்ப்பார். இயலாத நிலையில் நோன்பிலிருந்து நோயாளிக்கு விலக்குண்டு என்பதைச் சமயமே கூறுகிறது.

துணை மருந்துகள்

லெவோடோபாவுக்குத் துணையாகப் பல மருந்துகள் உள்ளன. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமினைப் போலவே நடிப்பவை. செலிஜிலின், ரசாஜிலின் என்பவை மூளையில் டோபமின் சிதைவதைத் தாமதப்படுத்துபவை. என்டகபோன் லெவோடோபாவின் ஆயுளை நீட்டுவது. அமன்டடின் சளிக்காய்ச்சலைத் தடுக்க வந்த மருந்து. அதை உண்ட நடுக்குவாதப் பெண்மணி ஒருவர் தம் விறைப்புக் குறைந்ததாகக் கூறியதைக் கொண்டு 1969-இல் அதன் பயன் வெளியாயிற்று. மிகையசைவைத் தணிக்க இன்றும் அது உதவுகிறது. பழைய மருந்தாகிய டிரைஹெக்சிபெனிடில் நடுக்கத்தைக் குறைப்பினும், முதியோரின் நினைவைக் குழப்புவதால் அவர்களுக்கு இப்போது பெரிதும் தவிர்க்கப்படுகிறது.

டோபமினைப் போல நடிக்கும் மருந்துகளின் ஒரு தீங்கை வீட்டார் அறிந்திருப்பது அவசியம். அவை சிலருக்கு அடக்க முடியாத ஆசையைத் தூண்டுகின்றன. வாழ்நாளில் சீட்டு வாங்காதவர் திடீரென நாலு நம்பர் லாட்டரிக்கு நாள்தோறும் பணம் கட்டலாம். தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிக்கலாம். காம வேட்கை மிகலாம். இது குணக்கேடு அன்று, மருந்தின் விளைவு. வெட்கப்பட்டு மறைத்தால் குடும்பம் கடனில் மூழ்கும். மருத்துவரிடம் கூறினால், மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்து மாற்றலாம்.

நிறுத்துவதே பேராபத்து

எந்த நிலையிலும் மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது. நிறுத்தினால் கடும் விறைப்பும், உயர்ந்த காய்ச்சலும், அறிவுக் குழப்பமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேரும்போதும், அறுவைச் சிகிச்சைக்கு முன்னும், “இவர் நடுக்குவாத நோயாளி, இன்னின்ன மணிக்கு இன்ன மாத்திரை” என்று எழுதிய தாளை வார்டில் கொடுத்தல் வேண்டும். அங்கு வழக்கமான மருந்து வேளை நோயாளியின் வேளையோடு ஒத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும், மனக்குழப்பத்திற்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் டோபமினின் வேலையைத் தடுத்து இந்நோயை மோசமாக்குபவை. அத்தாளில் இதனையும் குறிப்பது நலம்.

பூனைக்காலிப் பொடியை வாங்கி உண்டால் என்ன என்னும் கேள்வி தமிழ்க் குடும்பங்களில் இயல்பாக எழும். அவ்விதையில் மெய்யாகவே லெவோடோபா உண்டு. 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த சோதனையில் அது மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது. ஆனால் கடையில் விற்கும் பொடியில் எவ்வளவு மருந்துப்பொருள் உள்ளது என்பது பொடிக்குப் பொடி மாறும். மாத்திரையோடு இரகசியமாகச் சேர்த்து உண்டால் அளவு மிஞ்சி, மிகையசைவும் மனமயக்கமும் வரலாம். எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் நிலத்தை மூடிப் படரும்படி நடப்படும் கொடியும் பூனைக்காலியின் இனமே. அது வேறு வகை, அதன் விதையை மருந்தென எண்ணிப் பறித்து உண்பது தகாது.

மருந்தால் ஆகாதவையும் உண்டு. நோய் முற்றிய காலத்தில் நிலைதடுமாறி விழுதல், விழுங்குவதில் தடை, நினைவுக் குறைவு ஆகியவை லெவோடோபாவுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. அங்கே உடற்பயிற்சியும், பேச்சு விழுங்கல் பயிற்சியும், வீட்டில் வழுக்காத தரையும் கைப்பிடியும் மருந்தின் வேலையைச் செய்கின்றன. மாத்திரையால் ஏற்ற இறக்கம் அடங்காத சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் சிகிச்சையும் உண்டு. இதுவும் மலேசியாவில் செய்யப்படுகிறது. எந்த நோயாளிக்கு எது ஏற்றது என்பதை நரம்பியல் மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். பினாங்குப் பொது மருத்துவமனையில் அத்துறை இருக்கிறது. குடிமக்களுக்குக் கட்டணமும் சொற்பமே.

சென்னை ஆய்வுக்கூடத்தில் பூனைக்காலி விதையிலிருந்து வந்த அந்தப் பொருள், எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் ஏறக்குறைய இருபதாண்டுகள் காத்திருந்தது. இன்றைய நோயாளி அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் பூக்கடை திறக்கும் முன் ஒரு மாத்திரை. அதற்குப் பின் அரைமணி நேரம் கழித்துப் பசியாறல். அடுத்த வேளைக்கு மணி பார்க்க ஒரு பேரப்பிள்ளை. இத்துணை ஒழுங்கு இருந்தால், மல்லிகைச் சரம் தொடுக்கும் கை இன்னும் பல்லாண்டுகள் தொடுத்துக்கொண்டிருக்க வழியுண்டு.